புரையை எடுக்குமுன் கண் ஆற வேண்டும்

கண்புரை என்றால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், மறுநாள் பத்திரிகை படிக்கலாம் என்றுதான் நம்மவர்கள் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலோர்க்கு அது உண்மையும்கூட. ஆனால் ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அப்படி நடக்கவில்லை. குறித்த தேதியை மருத்துவர் இரண்டு முறை தள்ளி வைத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே நாளில் முடிந்தது, எனக்கு மட்டும் ஏம்ப்பா இந்த இழுத்தடிப்பு?" என்று என்னிடம் புலம்பினார். நகையை விற்றாவது வேறு எங்காவது உடனே செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால், நானும் அதற்குத் தலையாட்டினேன். அந்த அவசரம் எவ்வளவு ஆபத்தானது என்பது பிறகுதான் விளங்கியது.

பெரியம்மாவுக்கு இருந்தது வெறும் புரை அல்ல. கண்ணின் வெள்ளைச் சுவருக்கு உள்ளே திராட்சைத் தோல் போன்ற ஒரு படலம் உண்டு. லத்தீன் மொழியில் திராட்சைக்கு ஊவா என்று பெயர்; அதிலிருந்து வந்ததுதான் யூவியா. கண்மணியைச் சுற்றித் தெரியும் நிற வளையமும் அதன் ஒரு பகுதியே. அந்தப் படலம் அழற்சி கண்டால் யூவைட்டிஸ் என்கிறார்கள். கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பார்வை மங்கும். சாதாரணக் கண் சிவப்பு என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் ஏராளம்.

இதற்குக் காரணம் காசநோயாக இருக்கலாம், மூட்டு அல்லது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். பலருக்குக் காரணமே அகப்படாது. 1993 இறுதியில் மதுரை வட்டாரத்தில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு பலர் இந்த அழற்சியோடு அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதற்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சலே காரணம் என்று மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் 1997-இல் எழுதினார்கள். நாம் இங்கே கெஞ்சிங் திக்குஸ் என்று சொல்கிறோமே, அதே நோய்தான்.

சரி, புரை எங்கிருந்து வந்தது? அழற்சியே கண்ணின் வில்லையை மங்கச் செய்யும். அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் பயன்படுத்தினாலும் புரை வரும். அதனால்தான் இவர்களில் சிலருக்கு முப்பது, நாற்பது வயதிலேயே புரை விழுகிறது. அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடக் கூடாது. அடங்காத அழற்சி புரையைவிடக் கொடியது.

செயற்கை வில்லை பிறந்த கதையிலேயே இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணுக்குள் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. அவற்றைக் கண் அமைதியாக ஏற்றுக்கொண்டதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். கண் அமைதியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சிகிச்சை முழுவதுமே நிற்கிறது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் கண்ணில் கத்தி வைத்தால் அது இன்னும் சீறும். ஆகவே, அவசரம் இல்லாத நிலையில், குறைந்தது 3 மாதமாவது அழற்சி முழுக்க அடங்கியிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. பெரியம்மாவின் தேதி தள்ளிப்போனது இதனால்தான். இரண்டாவது முறை பரிசோதித்தபோதும் கண்ணுக்குள் அழற்சி அணுக்கள் மிதந்தனவாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அதைவிட அதிகம். சர்க்கரை இருப்பதைக் கண் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அறுவையும் சுலபமல்ல. பழைய அழற்சியால் கண்மணி வில்லையோடு ஒட்டிக்கொண்டு சுருங்கியிருக்கும். அதைப் பிரித்து, சிறு கொக்கிகளால் விரித்துப் பிடித்துத்தான் புரையை எடுக்க வேண்டும். பிறகும் விழித்திரையின் நடுவில் நீர் கோர்க்கலாம், கண்ணழுத்தம் ஏறலாம், அழற்சி திரும்பலாம்.

பார்வை எவ்வளவு கிடைக்கும்? 2017-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, யூவைட்டிஸ் கண்ட ஆயிரத்துக்கும் அதிகமான கண்களை மற்றவர்களின் கண்களோடு ஒப்பிட்டது. அறுவைக்குப் பின் அவர்களுக்கும் பார்வை முன்னேறியது, ஆனால் மற்றவர்கள் அளவுக்கு வரவில்லை. விழித்திரையோ கண் நரம்போ முன்பே பழுதாகியிருந்தால் புரையை நீக்கினாலும் அந்தப் பழுது அப்படியே இருக்கும். ஃபக்ஸ் என்ற வகைக்காரர்களுக்குப் பலன் நன்றாகவே இருக்கிறது. மூட்டுவாதத்தோடு யூவைட்டிஸ் வரும் குழந்தைகள் விஷயத்தில் மருத்துவர்கள் மிகவும் தயங்குவார்கள். அதனால் தேதி கேட்கும்போதே, "என் விழித்திரை எப்படி இருக்கிறது, டாக்டர்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு ஏழாவது மாதம் அறுவை நடந்தது. இப்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரிகிறது. ஊசியில் நூல் கோர்க்க மட்டும் இன்னமும் என் அக்கா மகளைத்தான் கூப்பிடுகிறார்.