12 வயசு தாண்டினா ஃபுல் டிக்கெட்! டீன் ஏஜ் பிள்ளைகளோடு ஃபாரின் டூர்... பட்ஜெட் போடுவது எப்படி?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் பெரியவர்களுக்குக் கட்டணம் 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை 13 வயது மகனை அழைத்துக்கொண்டு அங்கே போனால், அவனுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. அதே பையன் அடுத்த வாரம் மீனம்பாக்கத்தில் சிங்கப்பூர் விமானம் ஏறினால்? அவன் பெரியவன். அப்பாவுக்கு என்ன டிக்கெட்டோ அதேதான் அவனுக்கும்.

ஃபாரின் டூர் பட்ஜெட் பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்க' என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பில் வரும்போது நாலு பெரியவர்கள் இருப்பார்கள்.

ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி என்று சுற்றிலும் ஆலைகளும் ஐடி அலுவலகங்களும் உள்ள ஊர் இது. போனஸ் வந்ததும் "நாமளும் ஒரு தடவை வெளிநாடு போயிட்டு வந்துடலாமே" என்ற பேச்சு வருவது இயல்பு. பிள்ளைகள் சின்ன வயதில் இருக்கும்போது வீட்டுக் கடன், கார் கடன் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். பெண் பத்தாவது, பையன் எட்டாவது வந்த பிறகுதான் கையில் கொஞ்சம் காசு நிற்கும். பயணம் விலை கூடுவதும் சரியாக அந்த வயதில்தான்.

யார் குழந்தை, யார் பெரியவர்?

விமான நிறுவனங்கள் பொதுவாக 2 முதல் 11 வயது வரை உள்ளவர்களைத்தான் குழந்தையாகக் கணக்கிடுகின்றன. டிக்கெட் எடுக்கும் நாள் அல்ல, பயணம் செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. (பட்ஜெட் விமானங்களில் குழந்தைக் கட்டணமும் கிட்டத்தட்ட பெரியவர் கட்டணம்தான், அது வேறு கதை.)

போய் இறங்கிய பிறகும் இதே கதைதான். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் குழந்தை டிக்கெட் 3 முதல் 11 வயது வரை. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 முதல் 12 வரை, மண்டாய் உயிரியல் பூங்காவில் 3 முதல் 12 வரை. பாங்காக் கிராண்ட் பேலஸில் வெளிநாட்டவருக்கு 500 பாட். அங்கே குழந்தைகளுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள், 120 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். எட்டாவது படிக்கும் பையன் எந்தக் காலத்தில் 120 செ.மீ. இருந்தான்?

பூட்டானுக்குப் போகும் இந்தியர்கள் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் 'நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்' கட்ட வேண்டும். 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் உள்ளவர்களுக்குப் பாதி. இரண்டு டீன் ஏஜ் பிள்ளைகள் உள்ள குடும்பம் 5 இரவு தங்கினால், இந்தக் கட்டணம் மட்டுமே 24,000 ரூபாய்.

அதைவிடப் பெரிய செலவு அறை. டூர் விளம்பரங்களில் போடும் 'ஒருவருக்கு இவ்வளவு' என்பது, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கும் கணக்கு. சின்னப் பிள்ளைகள் அப்பா அம்மா நடுவில் படுத்துக்கொள்ளும். பல ஹோட்டல்கள் அதற்குக் காசு கேட்பதில்லை. 16 வயதுப் பெண்ணையும் 13 வயதுப் பையனையும் அப்படிப் படுக்க வைக்க முடியாது. கூடுதல் கட்டில், ஃபேமிலி ரூம், இல்லாவிட்டால் இரண்டாவது அறை. இரண்டு அறை எடுத்தால் இரண்டையும் பெற்றோர் பெயரிலேயே பதிவு செய்து, அருகருகே கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் தனியாகத் தங்குவதைப் பல ஹோட்டல்கள் ஏற்பதில்லை. சமையலறையுடன் கூடிய அப்பார்ட்மென்ட் கிடைத்தால் காலைச் சாப்பாடாவது மிச்சம். டீன் ஏஜ் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எப்போது போவது?

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இரண்டு நாள் லீவு போடலாம். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் ஸ்பெஷல் கிளாஸ், ரிவிஷன் டெஸ்ட் என்று வருடமே கட்டிப்போட்டுவிடும். 2025-26 கல்வியாண்டு முதல் தமிழகத்தில் 11-ம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பதால், ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிடக் கிடைக்கும் வருடம் அதுதான்.

எல்லோரும் தேர்ந்தெடுப்பது மே மாதம் அல்லது டிசம்பர் கடைசி. விமான டிக்கெட் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். காலாண்டுத் தேர்வு விடுமுறையைப் பலர் யோசிப்பதே இல்லை. செப்டம்பர் கடைசியில் கிடைக்கும் அந்தச் சில நாட்கள், கோலாலம்பூருக்கோ கொழும்புக்கோ போய்வரப் போதும். இரண்டு எச்சரிக்கை மட்டும். சிங்கப்பூரில் ஃபார்முலா 1 கார் பந்தயம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான் நடக்கும். அந்த வாரம் ஹோட்டல் பக்கம் போக முடியாது. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை, தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கூட்டம் இருக்கும். தாய்லாந்தில் புக்கெட் பக்கம் அது மழைக்காலம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் மட்டும் இன்னும் குழந்தை

எல்லா கவுன்ட்டரிலும் பெரியவராகிவிட்ட பிள்ளை, பாஸ்போர்ட் சட்டப்படி இன்னும் மைனர். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு மைனருக்கு 1,000 ரூபாய், பெரியவருக்கு 1,500. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. மைனர் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் பணம் மிச்சம். 15 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்கள் விரும்பினால் 1,500 கட்டி 10 ஆண்டு பாஸ்போர்ட்டே வாங்கலாம். 16 வயதுப் பெண்ணுக்கு 500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம் என்று மைனர் பாஸ்போர்ட் எடுத்தால், இரண்டே வருடத்தில் மறுபடியும் 1,500 கட்டி தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் உட்கார வேண்டும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ள வீடுகள் முதலில் பார்க்க வேண்டியது காலாவதி தேதியை. பயண நாளில் இருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. ஏழு வயதில் எடுத்த பாஸ்போர்ட் 12 வயதோடு முடிந்திருக்கும். டிக்கெட் போட்ட பிறகுதான் அது பலருக்கு நினைவுக்கே வரும். அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ வேலையில் இருந்து, அம்மா மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகிறார் என்றால், அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

விசா செலவு நாட்டுக்கு நாடு மாறும். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பர் 1-லும் இந்தியர்களுக்கு விசா இல்லா நுழைவைத் தொடங்கின. மலேசியாவின் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. இந்தச் சலுகைகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், டிக்கெட் போடும் முன்பு தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு விசா உண்டு. ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், அதன்மேல் ஏஜென்ட் கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் அந்த 30 டாலர் திரும்பாது. மூன்று நாடுகளுக்கும் போய் இறங்கும் முன் 3 நாட்களுக்குள் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

விளம்பரத்தில் 60 ஆயிரம், பில்லில்?

கணக்குக்காக ஒரு பேக்கேஜ் ஆளுக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 2,40,000. இதன்மேல் 5% ஜிஎஸ்டி 12,000. ஆக 2,52,000. அடுத்து டிசிஎஸ், அதாவது டூர் நிறுவனம் வசூலித்து உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கும் வரி. 2023 அக்டோபர் முதல் இது 7 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என இருந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு 10 லட்சமானது. 2026-27 மத்திய பட்ஜெட்டில், எவ்வளவு தொகையாக இருந்தாலும் 2% என்று குறைத்துவிட்டார்கள். நம் கணக்கில் அது 5,040 ரூபாய். பழைய 5% என்றால் 12,600 ஆகியிருக்கும். இந்தப் பணம் போய்விடாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது ரீஃபண்ட் வாங்கலாம். ஆனால் புக் செய்யும் அன்று கையில் இருக்க வேண்டிய தொகை 2,57,040. ரிட்டர்னே தாக்கல் செய்யாத வீடுகள் இந்த 5,040-ஐ மறந்துவிடுகின்றன.

விமானம், ஹோட்டல் இரண்டையும் தனித்தனியாக நீங்களே புக் செய்தால் பேக்கேஜ் வரி வராது. பதிலுக்கு வேறு கட்டணங்கள் வரும். பட்ஜெட் விமானத்தின் விலை பெரும்பாலும் 7 கிலோ கைப்பைக்கு மட்டும்தான்; பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக்காசு. வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் 3.5% வரை மார்க்அப் போடும், அந்த மார்க்அப் மீது 18% ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் செலவுக்கு 4,130 ரூபாய் இப்படியே கரையும். கடையில் மெஷின் 'இந்திய ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விலையைக் கடைக்காரர் பக்கம் தீர்மானிக்கும்.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா?

முடியாது. கம்பெனி தரும் பயணப்படிக்கான வரிவிலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. ஸ்டேட் பேங்க் ஊழியர் ஒருவர் டெல்லியில் கிளம்பி மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, டெல்லி என்று சுற்றிவந்து, 'கடைசியில் இந்தியாவுக்குள்தானே போனேன்' என்ற பாணியில் எல்டிசி வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பர் 4-ல், வெளிநாடு கலந்த பயணத்துக்கு விலக்கு கிடையாது, வங்கி வரி பிடித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

கடன் வாங்கிப் போகலாமா?

'இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க' விளம்பரங்கள் நிறைய வருகின்றன. 2.5 லட்சத்தை 14% வட்டியில் 24 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 12,000 ரூபாய். வட்டி மட்டும் 38,000-ஐத் தொடும். பிள்ளைகள் டூர் போட்டோவை மறந்த பிறகும் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் காலேஜ் அட்மிஷன் வேறு வந்து நிற்கும். அதே 12,000-ஐ இன்றே ஆர்டி-யில் போட ஆரம்பித்தால் 21 மாதத்தில் 2.5 லட்சத்தைத் தாண்டிவிடும். சீட்டுப் போடுவதென்றால் பதிவு பெற்ற நிறுவனமாகப் பாருங்கள். எட்டாவது படிக்கும் பையன் பத்தாவது முடிக்கும் கோடை விடுமுறை என்று நாள் குறித்துக்கொண்டு சேர்ப்பது நடைமுறையில் சரியாக வரும்.

சேர்க்கும் காலத்திலேயே பிள்ளைகளிடம் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். மறைத்துவிட்டு, அங்கே போய் "இந்த ஜூஸ் எவ்வளவு தெரியுமா?" என்று நடுத்தெருவில் சண்டை போடுகிறார்கள். 15 வயதுப் பெண்ணுக்கு எக்ஸெல் ஷீட் போடத் தெரியும், ஹோட்டல் விலையை நான்கு தளங்களில் ஒப்பிடத் தெரியும். ஒரு நாள் செலவை முழுக்க அவர்கள் பொறுப்பில் விடலாம்: உணவு, மெட்ரோ, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இவ்வளவு பாட், இதற்குள் நீங்களே திட்டம் போடுங்கள் என்று. கைச்செலவுக்கு என்று தனியாக ஒரு தொகை, அதை எதில் செலவழித்தாலும் கேள்வி இல்லை, தீர்ந்தால் மறுபடியும் இல்லை. தீம் பார்க் டிக்கெட்டா, ஷூவா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். நாலு பேருக்கும் நாலு ரோமிங் பேக் தேவையா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். ஒரு இ-சிம், மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் என்று தீர்வு சொல்வார்கள்.

பக்கத்திலேயே ஒரு வெளிநாடு

எல்லாக் கூட்டலும் போட்ட பிறகு தொகை மிரட்டினால், இலங்கையை யோசிக்கலாம். சென்னையில் இருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓட ஆரம்பித்தது. சுமார் 4 மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இறங்கினால் வழி கேட்க ஆங்கிலம்கூடத் தேவையில்லை. இடிஏ எனும் மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் கடந்தோம், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினோம் என்ற திருப்தி பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

கடைசியாக ஒரு செலவு, பெரும்பாலும் யார் பட்ஜெட்டிலும் இருக்காது. மலிவான விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும். சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் வரை மின்சார ரயிலில் ஆளுக்கு 20 ரூபாயைத் தாண்டாது. ஆனால் நாலு பெட்டியோடு அந்த நேரத்துக்கு ரயில் கிடைக்காமல், ஜிஎஸ்டி சாலையில் கால் டாக்ஸி கேட்கும் தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விமானத்தில் 2,000 குறைகிறதே என்று நடுராத்திரி டிக்கெட்டைத் தட்டும் முன்பு, டாக்ஸி ஆப்பில் அந்த நேரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது காலை ஆறு மணிக்கு இறங்கினால் கவலையில்லை. எதிரே செங்கல்பட்டு ரயில் வந்துகொண்டிருக்கும், பெட்டியைத் தூக்க இப்போது இரண்டு 'பெரியவர்கள்' கூடுதலாக இருக்கிறார்கள்.