வீடு காட்டப் போறீங்களா? முதல்ல தொட்டியைத் திறங்க!

தை பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வீடுகள் கைமாறத் தொடங்கும். மார்கழியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள், ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். இடையில் கிடைக்கும் மாதங்களில், விற்க நினைப்பவர்கள் பெயின்ட்டும் பட்டியுமாக ஓடுகிறார்கள். வாசலில் கோலம், ஹாலில் புதுத் திரை, சாமி அறையில் ஊதுபத்தி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பார்க்க வருபவர் இரண்டு அறை தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்: "தண்ணி எப்படி அண்ணாச்சி?"

"தண்ணிக்கு என்ன குறை, கொட்டுது!" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. என் கவலையெல்லாம் அந்தப் பதிலைப் பற்றியது.

வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியே வரும் குடிநீரை முறை வைத்துத் திறந்துவிடும் ஊர் இது. அடுத்த முறை வரும்வரை தாக்குப்பிடிப்பது வீட்டுக்கடியில் இருக்கும் தொட்டியின் கையில் இருக்கிறது. போர் போட்டிருந்தாலும் பல தெருக்களில் அது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க ஆகும், குடிக்க ஆகாது. இதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வேலை மாற்றலாகி வரும் குடும்பத்துக்குத் தெரியாது. அவர்கள் வரும் நாளுக்கு முந்தின இரவு லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பி வைத்து, மறுநாள் மூடியைத் திறந்து காட்டினால், அவர்கள் பார்ப்பது அந்த வீட்டுத் தண்ணீரையே அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போரில் நிற்காமல் வரும். அதை மட்டும் காட்டாதீர்கள். சித்திரையில் மோட்டார் எத்தனை நிமிடம் இழுக்கும், எத்தனை அடி ஆழம், எந்த வருஷம் போட்டது, கண்மாய் வற்றிய வருஷங்களில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையையும் சேர்த்துக் கொடுக்கலாம். கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அமைப்பின் அளவு. அறிக்கையைக் கையில் வைத்துப் பேசுபவரிடம் பேரம் பேசுகிறவர்களின் குரலே மாறிவிடும்.

வாங்க வருபவரே விசாரித்துக்கொள்ளட்டும், கேட்டால் சொன்னால் போதும் என்கிறார்கள் தரகர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. கார்த்திகையில் வீடு பார்த்தவருக்குச் சித்திரையில் வறளும் போர் எப்படித் தெரியும்? என்னைக் கேட்டால் அது மறைக்கக் கூடாத குறைதான்.

சுவருக்கும் இதே நியாயம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நிற்கும் அஸ்திவாரமும் கூடவே அசையும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பட்டி வைத்து மூடினால் அடுத்த கோடையில் மறுபடி வாய் திறக்கும். மூடாமல் காட்டுங்கள். அவர்கள் சொந்த மேஸ்திரியைக் கூட்டிவந்து தட்டிப் பார்த்தாலும் முகம் சுளிக்காதீர்கள். நெசவாளர் தெரு வீடு என்றால் தறிக்குழி எந்த இடத்தில் இருந்தது, எதைப் போட்டு நிரப்பினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி நடந்துகொள்ளும் விதம் எளிதுதான். வாடகைக்கு ஆள் இருந்தால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். மோர் கொடுங்கள், அதன்பின் நிழல்போலக் கூடவே போகாமல் அவர்களைத் தனியே பேசிக்கொள்ள விடுங்கள். வீட்டைத் தொடாத கடன் கதையும் பங்காளிச் சண்டையும் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம். "நீங்க என்ன ஆளுக?" என்று விசாரித்துவிட்டுக் கதவைத் திறக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீடு பார்க்க வந்தவரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது.

விலையைத் திண்ணையில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, வந்த பெண்கள் நேரே அடுப்படிக்குத்தான் போவார்கள். "அக்கா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுதா?" என்று கேட்பார்கள். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரம்மா. குடம் சுமந்தவரும் அவர்தான், இரவில் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தவரும் அவர்தான். "குடிதண்ணியில வேகும், போர்த் தண்ணியில வேகாது, குடத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிடுவோம்" என்று அவர் சொல்லும்போது குறுக்கே போய் அடக்காதீர்கள். போர் பலவீனம் என்றால் புதிதாக ஒன்று போடும் செலவைக் கணக்குப் பார்த்து, அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே விலையில் கழித்துவிடுங்கள். கழித்ததையும் அதன் காரணத்தையும் கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.