தெரியுமா? கதாபாத்திரங்களின் சட்டைக்குள்ளே ஒரு சிலுவை!

கேமரன் மலைப் பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெரியைக் குச்சியோடு வாங்கி, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டே கடிக்கிறீர்களே, அந்தப் பழம் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் கொலை வரைக்கும் போயிருக்கிறது, தெரியுமா?

'ஒதெல்லோ' நாடகம். தளபதி ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதல் பரிசு ஒரு கைக்குட்டை. அதில் இருந்த பூவேலை என்ன? ஸ்ட்ராபெரிப் பழங்கள்! அந்தத் துணி வஞ்சகன் இயாகோவின் கைக்குப் போகிறது, அங்கிருந்து வேறொருவன் அறைக்குப் போகிறது, சந்தேகம் மூள்கிறது, கடைசியில் கட்டிலிலேயே அவள் மூச்சை அடக்கிவிடுகிறான் கணவன். சரி, ஏன் ஸ்ட்ராபெரி? திராட்சையோ மாதுளையோ வைத்திருக்கக் கூடாதா?

கியா பார்ம் பக்கம் ஏதாவது ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குள் போனால் ஒரு செடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலையாக விரிந்திருக்கும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்றையும் அதில் கண்டார்கள் இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள். வெள்ளைப் பூவில் கன்னிமையைக் கண்டார்கள், சிவப்புப் பழத்தில் இரத்தத்தை. அதைவிட ஆச்சரியம், ஒரே செடியில் பூவும் பழமும் ஒரே நேரத்தில் நிற்கும். கன்னியாகவும் தாயாகவும் ஒருசேர இருக்க வேறு யாரால் முடியும்? அதனால்தான் மாதா ஓவியங்களில் அவள் காலடியில் ஸ்ட்ராபெரிச் செடி. முள் இல்லாத செடி, கொட்டை இல்லாத பழம் என்ற பெருமை வேறு! அந்தத் துணியை டெஸ்டிமோனாவின் கையில் கொடுத்ததுமே அவள் குற்றமற்றவள் என்று நாடகம் முன்கூட்டியே சாட்சி சொல்லிவிடுகிறது. ஒதெல்லோவுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. ஸ்ட்ராபெரி இலைக்கு அடியில் பாம்பு ஒளிந்திருக்கும் சின்னமும் அந்தக் காலத்தில் உண்டு. பாம்பு யாரென்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்று, இதே மலையில் நடந்தது. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன் கேமரன் மலையில் காணாமல் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் கிளம்பியவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், காட்டைக் கரைத்துக் குடித்த பூர்வகுடிகள், பொமோக்கள் எனும் மலாய் மந்திரவாதிகள், குறி சொல்கிறவர்கள் என்று யார் யாரோ தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அது எந்த நாள் என்று தெரியுமா? 1967 மார்ச் 26. ஈஸ்டர் ஞாயிறு! அன்று காலையில்தான் ஆல் சோல்ஸ் தேவாலயத்தில் ஈஸ்டர் ஆராதனைக்குப் போய்வந்தார். வெறுங்கல்லறை நாளில், உடலே அகப்படாமல் ஒரு மனிதர் மறைகிறார். நாவலாசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் 'ரொம்ப மிகை' என்று பதிப்பாளர் அடித்திருப்பார்.

எழுதவும் எழுதினார் ஒருவர், வேறு விதமாக! டான் துவான் எங் எழுதிய 'தி கார்டன் ஆப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' நாவல் 2012-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2019-இல் படமாகவும் வந்தது. கதை நடப்பது இதே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துச் சுற்றுவட்டாரத்தில்தான். ஜப்பானியச் சக்கரவர்த்தியிடம் தோட்டக் கலைஞராக இருந்த அரித்தோமோ இங்கே வந்து தனித் தோட்டம் ஒன்றை உருவாக்குகிறார். ஜப்பானியரின் சிறைமுகாமில் விரல்களை இழந்து, அக்காவையும் இழந்து, ஜப்பானியர் என்றாலே கொதிக்கிற யுன் லிங் அவரிடமே மாணவியாகச் சேர்கிறாள். ஒரு நாள் அரித்தோமோ காட்டுக்குள் நடந்துபோகிறார். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம்தான் முன்னால் வந்து நின்றது. உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்க்கிறவள் மகதலா மரியாள். பார்த்ததும் அவரை யார் என்று நினைக்கிறாள், தெரியுமா? தோட்டக்காரர் என்று! ரெம்பிரான்ட் 1638-இல் இதை வரைந்தபோது இயேசுவின் தலையில் அகலத் தொப்பியை வைத்து, கையில் மண்வெட்டியையே கொடுத்துவிட்டார். அழுதுகொண்டு நிற்கிற ஒரு பெண், யாரென்று பிடிபடாத ஒரு தோட்டக்காரர், கிடைக்காத ஓர் உடல். நாவலாசிரியர் இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அரித்தோமோவின் தோட்டம் ஜப்பானிய மரபில் ஊறியது. இருந்தாலும் படிக்கிறவர் மனத்தில் ஈஸ்டர் காலை எட்டிப் பார்த்தால் அதை யார் தடுக்க முடியும்?

வெள்ளைக்காரர் கதைகளில் இந்த ஒளித்துவைக்கும் விளையாட்டுக்கு முடிவே கிடையாது. 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் கத்தோலிக்கர். மோதிரத்தைச் சுமந்துகொண்டு ஃபிரோடோவின் கூட்டம் கிளம்புகிற தேதி டிசம்பர் 25, மோதிரம் அழிகிற தேதி மார்ச் 25. முதலாவது கிறிஸ்துமஸ். இரண்டாவது, மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள், பழைய மரபில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாளும் அதுவே! 'மேட்ரிக்ஸ்' படத்துக் கப்பலின் உலோகத் தகட்டில் ஒரு வரி பொறித்திருக்கும், கண் சிமிட்டுவதற்குள் கடந்துவிடும்: 'மார்க் 3, எண் 11'. மாற்கு 3:11-ஐப் புரட்டினால், அசுத்த ஆவிகள் இயேசுவின் முன் விழுந்து அவரைத் தேவகுமாரன் என்று கூவுகிற இடம். 'தி கிரீன் மைல்' நாயகன் ஜான் காஃபி. பிறர் நோயைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறவன், செய்யாத குற்றத்துக்குச் சாகிறவன். பெயரின் முதலெழுத்துகள் ஜே.சி.! இயேசு கிறிஸ்துவுக்கும் ஆங்கிலத்தில் அதே முதலெழுத்துகள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கே சிலுவையைப் பார்த்தாலும் பொருள் தோண்டக் கிளம்பிவிடாதீர்கள். 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரில் எதிரிகள் வெடித்தால் வானளவு சிலுவையாக வெளிச்சம் எழும். ரசிகர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். துணை இயக்குநர் கசுயா சுருமாக்கி என்ன சொன்னார், தெரியுமா? கிறிஸ்தவப் பொருள் எதுவும் கிடையாது, பார்க்க நன்றாக இருந்தது, வைத்தோம் என்றார்!

தமிழில் நடந்தது வெள்ளைக்காரர் கதைகளுக்கு நேர்மாறு. அங்கே சாதாரண மனிதனின் சட்டைக்குள் கிறிஸ்துவை ஒளித்தார்கள். இங்கே கிறிஸ்தவப் பாத்திரங்களுக்கு நம் ஊர் வேட்டியைக் கட்டி நடுத்தெருவில் நிறுத்தினார்கள்.

பைபிளில் சூசையப்பர் எத்தனை வார்த்தை பேசுகிறார், தெரியுமா? ஒன்றுகூடக் கிடையாது! நான்கு நற்செய்திகளிலும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பதிவாகவில்லை. கனவு காண்கிறார், எழுந்து சொன்னபடி செய்கிறார், அப்படியே மறைந்தும் போகிறார். அப்பேர்ப்பட்ட மௌனசாமியைப் பாட்டுடைத் தலைவராக்கி 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல் எழுதினார் ஓர் இத்தாலியர், அதுவும் தமிழில்! 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர். நூல் 'தேம்பாவணி'. அதில் சூசை 'வளன்' ஆகிறார், திருமுழுக்கு யோவான் 'கருணையன்' ஆகிறார். யூதேயாவில் தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலும் ஓடுகின்றன. காப்பிய இலக்கணப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் இல்லாமல் கதை தொடங்கினால் புலவர்கள் மதிப்பார்களா என்ன?

சூசையப்பர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கோல், அதன் நுனியில் வெள்ளை மலர். மரியாளை மணக்க வந்தவர்களில் அவருடைய கோல் மட்டும் பூத்தது என்பது பழங்கதை. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அங்கே நிற்கும் ஆண்டியின் கையிலும் கோல்தான். இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனால் தண்டம் பிடித்த தெய்வத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோலோடு வந்த சூசை அந்நியராகத் தெரிந்திருக்க மாட்டார்.

அடுத்து, ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' கதையை எடுத்து 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' ஆக்கிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி, பிறகு கிறிஸ்தவரானவர். முதுகில் பாவ மூட்டையோடு நடக்கிற பனியனின் பயணிக்குக் கம்பன் நடையில் ஒரு வழித்தடம் போட்டுக் கொடுத்தார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை.

பாட்டிமார்கள் வீட்டில் இருந்தால் 'ஞானசௌந்தரி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரண்டு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படுகிற இளவரசி. தேவமாதா அருளால் கைகள் மீண்டும் வளர்கின்றன. மேடை நாடகமாக ஊரூராகப் போன கதை. 1948-இல் என்ன நடந்தது, தெரியுமா? ஒரே கதையை ஒரே வருடத்தில் இரண்டு கம்பெனிகள் படமாக எடுத்தன! எம்.வி. ராஜம்மா, டி.ஆர். மகாலிங்கம் நடித்த சிட்டாடல் படம் ஓட்டமாய் ஓடியது. ஜெமினி வாசனின் படம் படுத்துவிட்டது. இதில் இன்னொரு வியப்பு, கையிழந்த பெண்ணின் கதை நம் ஊரில் முளைத்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் 'லா மனெக்கீன்' அதே கதை, கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளிலும் அவள் இருக்கிறாள். கடல் தாண்டி வந்து, தாவணி போட்டு, கர்நாடக ராகத்தில் மாதாவைக் கூப்பிட்டுப் பாடிவிட்டாள்!

இனி 2013-க்கு வாருங்கள். அந்த ஒரு வருடம் போதும், ஒரு புத்தகமே எழுதலாம்.

பிப்ரவரியில் மணிரத்னத்தின் 'கடல்'. கதை ஜெயமோகன். மீனவக் கிராமத்துக்கு வருகிற பாதிரியார் சாம், அவரைக் கவிழ்க்கத் துடிக்கிற பெர்க்மான்ஸ். தன்னைச் சாத்தான் என்று அவனே சொல்லிக்கொள்கிறான், ஒளிவு மறைவே இல்லை. தாயில்லாமல் தறிகெட்டு வளரும் பையனின் பெயர் தாமஸ். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடரின் பெயர். அவனைக் கரையேற்றும் குழந்தை மனசுக்காரியின் பெயர் பியாட்ரிஸ். இத்தாலியக் கவி தாந்தே தன் காவியத்தில் சொர்க்கத்துக்கு வழிகாட்டியாக யாரை வைத்தார், தெரியுமா? பியாட்ரிஸ்! படம் ஓடவில்லை. சின்னங்கள் எல்லாம் கச்சிதம், திரைக்கதைதான் தள்ளாடியது என்பது என் கட்சி.

மார்ச்சில் பாலாவின் 'பரதேசி'. தேயிலைத் தோட்டத்துக் கதை, ஆகவே கேமரன் மலைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இதன் வேர் 'ரெட் டீ' என்ற 1969 ஆங்கில நாவல். எழுதியவர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல். இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்தார். கங்காணி ஆசை காட்டுவது, முன்பணம், மலையேற்றம், லயம், அட்டைக்கடி, காய்ச்சல், தீராத கடன் என்று போகிற கதை. நாவலில் கடைசியாக வந்து தொழிலாளிகளுக்காக நிற்கிற மருத்துவரின் பெயர் ஆபிரகாம். பைபிளில் சொந்த ஊரைவிட்டு, வாக்களிக்கப்பட்ட நாட்டை நம்பி முதலில் மூட்டை கட்டிய மனிதரும் ஆபிரகாம்தான்! பாலும் தேனும் ஓடும் என்று கேட்டு மலையேறிய சனங்களுக்கு அந்தப் பெயர்க்காரர் வைத்தியராக வருவதில் உள்ள குத்தலைக் கவனித்தீர்களா? படத்திலோ பாலா தலைகீழாகப் புரட்டிப்போட்டார். அங்கே வருகிற டாக்டர் பரிசுத்தம், சாவு விழுந்துகொண்டிருக்கும் லயத்தில் ரொட்டியும் ஜெபமுமாக மதம் பரப்புகிற வேடிக்கை உருவம். டேனியலின் மனிதரை இப்படி ஆக்கியது நியாயமா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. நான் டேனியல் பக்கம். தோட்டத்தில் அவர் கண்ணால் பார்த்து எழுதியதில் ஆள்சேர்ப்பின் குரூரம் இருக்கிறது, கேலிக்கு அங்கே இடமில்லை.

அதே வருடம் ஜூனில் ஹாலிவுட்டின் 'மேன் ஆப் ஸ்டீல்'. பூமியில் 33 வருடம் வாழ்ந்ததாக சூப்பர்மேன் சொல்கிறான், இயேசுவின் வயது. குழம்பிப்போய் தேவாலயத்தில் உட்காரும்போது அவன் முதுகுக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடியில் கெத்செமனேயில் மண்டியிட்ட இயேசு! வேடிக்கை என்னவென்றால், 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதப் பையன்கள். சூப்பர்மேனைப் போலக் குழந்தையைத் தொலைவுக்கு அனுப்பும் கதை, கூடையில் வைக்கப்பட்ட மோசேயுடையது. நமக்கென்றால் பெட்டியில் மிதந்த கர்ணன்.

பெரிய வெளிச்சமெல்லாம் சினிமாவுக்கு. ஆனால் எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு வண்ணாத்தி. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. தாழ்த்தப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கிற, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட குடும்பம். வீட்டுப் பெயர்களைக் கேளுங்கள்: தாய் ஆரோக்கியம், வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர். தகப்பன் சவுரி, அதாவது சவேரியார். பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. ஒரு குடிசைக்குள் சொர்க்கத்துப் பாதி! தலைப்பில் இருக்கும் 'கழுதை'யும் சும்மா இல்லை. இயேசு எருசலேமுக்குள் ஏறிப்போனதும் கழுதைக்குட்டி மேல்தான். அந்தக் கழுதைக்குக் குருத்தோலை விரித்தார்கள், இந்தக் கழுதைகளுக்கு ஊர்த்துணி மூட்டை மட்டும். மேரிக்குக் கொடுமை நடக்கும்போது எந்த மாதாவும் இறங்கி வரவில்லை, ஞானசௌந்தரிக்கு முளைத்த கைகள் இங்கே யாருக்கும் முளைக்கவில்லை. ஆரோக்கியம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், பிறகு களத்து நெல்லுக்கும் ராச்சோற்றுக்கும் வீடு வீடாய்ப் போய் நிற்கிறாள்.