குறைந்த விலைக் கணினியும் ஆசிரியர் தொலைநிலைப் பயிற்சியும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை ஒட்டிய சுங்குவார்சத்திரத்தில் டெல் நிறுவனத்தின் கணினி ஆலை 2007 முதல் இயங்கி வருகிறது. கணினி உருவாகும் இப்பகுதியிலும், நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, ஆசிரியர் பலர் இணையவழிப் பணியிடைப் பயிற்சியைச் சொந்தக் கைப்பேசியின் சிறுதிரையில் பெற்றனர். 2020 அக்டோபரில் தீக்ஷா தளத்தின் வழியே இணையத்துக்கு மாறிய ‘நிஷ்தா’ பயிற்சி இதற்குச் சான்று. குறைந்த விலைக் கருவி ஆசிரியரின் தொலைநிலைப் பயிற்சிக்கு எவ்வாறு, எந்த அளவு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மலிவுக் கணினி பற்றிய உலகளாவிய சிந்தனையில் ஆசிரியருக்கு முதலிடம் இருந்ததில்லை. நிக்கோலஸ் நெக்ரோபொன்டே 2005இல் முன்வைத்த நூறு டாலர் மடிக்கணினி குழந்தையை நோக்கியது. இந்தியா 2006இல் அதனை ஏற்க மறுத்தது. பெருமளவில் ஏற்ற பெரு நாட்டில், 2012இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலோ மொழியிலோ மாணவர் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, பல்தொழில்நுட்பப் பயிலக மாணவர்க்கானது. அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்க்குக் கைக்கணினி வழங்கும் திட்டம் 2024இல்தான் செயலுக்கு வந்தது.

ஆசிரியரை நேரடியாகக் கருதிய முயற்சி ஒன்று உண்டு. 2011 அக்டோபரில் வெளியான ‘ஆகாஷ்’ கைக்கணினியை முன்வைத்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2012 நவம்பரில் கல்லூரி ஆசிரியர்க்குப் பயிலரங்கு நடத்தியது. நாடெங்கும் பொறியியல் கல்லூரிகளில் அமைந்த தொலைநிலை மையங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆசிரியர் கூடினர். இதன் அமைப்புமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு மையத்தின் ஒருங்கிணைப்பாளரும் முன்னதாகவே பயிற்சி பெற்றிருந்தார். மும்பையிலிருந்து நிகழ்ந்த உரை, அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஏ-வியூ’ மென்பொருள் வழியே மையங்களை அடைந்தது. மையத்திலிருந்து ஐயங்களும் எழுப்பப்பட்டன. செய்முறைப் பயிற்சியை உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் நடத்தினார். ஆகாஷ் கருவி சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது (அதன் முதற்பதிப்பின் தொடுதிரையை விரலால் இயக்கியவர்கள் இதற்கு வியந்திருக்கமாட்டார்கள்). ஆனால், உரை தொலைவிலிருந்தும் வழிகாட்டல் அருகிலிருந்தும் வரும் அந்த அமைப்பு, கருவி மறைந்த பின்னும் பயன்தரக்கூடியது.

கருவித் தேர்வில் விலையைவிட விசைப்பலகைக்கே மதிப்பு மிகுதி என்பது கட்டுரையாளர் கருத்து. கைப்பேசி காணொலியைக் காட்டும். பலவுள் தெரிவு வினாவுக்கு விடை பெறும். நிறைவுச் சான்றிதழையும் வழங்கும். ஆயின் ஆசிரியப் பயிற்சியின் உயிர்நிலை, பாடத்திட்டக் குறிப்பை எழுதுதல், வகுப்பில் அது பிழைத்த இடத்தைப் பதிவுசெய்தல், பிறர் கருத்தறிந்து திருத்தி எழுதுதல் ஆகியவற்றில் உள்ளது. நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பைக் கைப்பேசியில் தட்டெழுதித் திருத்துவது பெருஞ்சுமை. எனவே பயிற்சியே வினாடி வினா வடிவுக்குச் சுருங்கிவிடுகிறது. கைக்கணினி திரையைப் பெரிதாக்குகிறது. தனி விசைப்பலகை இல்லாதவரை எழுத்துப்பணி முழுமையாக எளிதாகாது.

தொழில்வழித்தடத்தில் இக்குறை கூர்மையடைகிறது. ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறுவதால், தமிழ் அறியாத குழந்தைக்குத் தமிழ்வழியில் எழுத்தறிவிக்கும் பணி உள்ளூர் ஆசிரியர்மீது விழுகிறது. மாநிலம் முழுமைக்கும் பொதுவாக அமைந்த காணொலி இச்சூழலுக்கு விடைதராது. ஒரு பள்ளியில் பலன் தந்த சொற்பட்டியலையோ படக்கதையையோ ஆசிரியர் தாமே எழுதி, அடுத்த பள்ளிக்கு அனுப்பும்போதுதான் விடை பிறக்கும்.

இதற்கென ஒவ்வோர் ஆசிரியர்க்கும் புதிய மடிக்கணினி வாங்க வேண்டுவதில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள அரசுப் பள்ளிகள், பள்ளி நேரத்துக்குப் பின் கற்றல் மையமாகலாம். மையத்திற்கு ஒரு வழிகாட்டியும், பணிநேரமாகக் கணக்கிடப்படும் வாரம் இரண்டு மணி நேரமும் தேவை. கருவியின் விலை கொள்முதல் ஆண்டோடு முடிகிறது; வழிகாட்டிக்கும் பணிநேரத்துக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவேண்டும். திட்ட மதிப்பீடுகளில் முதலில் இடம்பெற வேண்டிய செலவு அதுவே.