கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொன்னால்...



முதலில் ஒரு சின்ன விளையாட்டு. வீட்டில் பிள்ளைகளின் கலர் பென்சில்களை எடுங்கள். நீலப் பென்சிலால் 'சிவப்பு' என்று எழுதுங்கள். சிவப்பால் 'பச்சை', பச்சையால் 'நீலம்' என்று எழுதுங்கள். இப்படி மாற்றி மாற்றி இருபது சொற்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம், "சொல்லை வாசிக்க வேண்டாம், எழுதின நிறத்தை மட்டும் கெதியாய்ச் சொல்லு" என்று கேளுங்கள். நாலைந்து சொல்லுக்குள் நாக்குத் தடக்கும். சிரிப்பும் வரும். ஆனால் எழுத்துப் படிக்காத சின்னப் பிள்ளை தடக்காமல் சொல்லிவிடும்!

ஏன் இப்படி? அமெரிக்காவில் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் இதைச் சோதித்து எழுதினார். வெறும் நிறக் கட்டங்கள் 100ஐப் பார்த்து நிறம் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 வினாடி போதும். அதே நிறங்களில் வேறு நிறத்தின் பெயர் எழுதியிருந்தபோது 110 வினாடி எடுத்தது. வாசிப்பது நமக்குப் பழகிப்போன வேலை. வேண்டாம் என்றாலும் மூளை வாசித்துவிடும். அந்தப் பழக்கத்தை அடக்கிவிட்டுத்தான் சரியான பதிலை எடுக்க வேண்டும். அதற்குத்தான் நேரம் போகிறது.

விளையாட்டில் பிந்தினால் நட்டமில்லை. ரயில் கடவையில் பிந்தினால்?

யாழ்ப்பாணத்துக்கான ரயில் 1990இல் நின்றுபோனது. 2014 மார்ச்சில் பளைக்கும், அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. இடையில் 24 வருடம். எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறையே கோச்சியைக் காணாமல் வளர்ந்தது. கடவையில் நிற்காமல் போவது காலுக்கும் சைக்கிளுக்கும் பழகிவிட்டது.

கேற் இல்லாமல் மணியும் விளக்கும் மட்டும் உள்ள கடவையை நினைத்துப் பாருங்கள். மணி அடிக்கிறது. காது 'நில்' என்கிறது. தண்டவாளம் வெறுமையாகத் தெரிகிறது. கண் 'போகலாம்' என்கிறது. பின்னால் இருப்பவர், "போ போ, இன்னும் வரேல்லை" என்கிறார். பழைய பழக்கமும் 'போ' என்றே இழுக்கிறது. மூளை எதைக் கேட்கும்? அது தீர்மானிக்கிற அந்த அரை வினாடியில், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற ரயில் 8 மீற்றருக்கு மேல் வந்துவிடும். தூரத்தில் நேரே வரும் பெரிய வண்டி மெதுவாக வருவது போலவும் கண்ணை ஏமாற்றும். ரயிலைச் சாரதி நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது.

தோட்டத்திலும் இதே கதைதான். தேங்காய் ஏற்றிய லொறி பின்னுக்கு வருகிறது. ஒருவர் "வா, வா" என்கிறார். மற்றவர் "ஹோ, நிப்பாட்டு!" என்கிறார். இரண்டையும் கேட்ட சாரதியின் கால் பிரேக்குக்குப் போகப் பிந்துகிறது. பின்னால் நிற்பவர் நம்மில் ஒருவர்.

இது யாருடைய மடமையும் இல்லை. மூளையின் இயல்பே இதுதான். அதனால் 'கவனமாய் இரு' என்று சொன்னால் மட்டும் போதாது. முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும்:

1. இரண்டு செய்தி முரண்பட்டால் 'நில்' என்பதையே கேளுங்கள். இதை இன்றே முடிவு செய்தால் கடவையில் யோசிக்கத் தேவையில்லை.

2. மணி அடித்தால், விளக்கு எரிந்தால், ரயில் தெரியாவிட்டாலும் நில்லுங்கள். மணி அடிக்காவிட்டாலும் இரு பக்கமும் பாருங்கள்.

3. கடவைக்கு முன்னே பேச்சையும் போனையும் நிறுத்துங்கள். பின்னால் இருப்பவர் 'போ' என்று சொல்லவே கூடாது.

4. லொறிக்குச் சைகை காட்ட ஒரே ஒருவர். ஆனால் 'நிப்பாட்டு' என்று யார் கத்தினாலும் சாரதி நிறுத்த வேண்டும்.

இன்று இரவு பிள்ளைகளோடு அந்தப் பென்சில் விளையாட்டை விளையாடுங்கள். நாக்குத் தடக்கும்போது சொல்லுங்கள்: "ரோட்டிலும் இப்படித்தான் தடக்கும், ராசா. அதனால்தான் நிற்க வேணும்."