ஈரக் கம்பளியும் இரவு இருமலும்

மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் துவைத்த துணி காய்வதே பெரும்பாடு. இஸ்தோப்புக் கொடியில் நாட்கணக்கில் தொங்கிய பெட்சீட்டை, இனிக் காயாது என்று மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். மடிப்புக்குள் சிக்கிய ஈரம் அந்தக் குளிரில் லேசில் போகாது. பிள்ளை இரவெல்லாம் இருமினாலோ, வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொறிந்தாலோ, படுக்கைத் துணி வைக்கும் இடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் ஊரில் அழகாக அடுக்குவதை விட, உலர்ந்ததை மட்டும் உள்ளே வைப்பதுதான் முக்கியம்.

ஈரம் என்ன செய்யும்?

ஈரத் துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கறுப்புப் புள்ளி தெரியும் முன்பே வாடை வந்துவிடும். போர்வையை உதறும்போது பூஞ்சணத்தின் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. தலையணை, மெத்தை, கம்பளிகளில் வாழும் தூசி உண்ணிகளுக்கும் ஈரப்பதம்தான் வாழ்வு. கண்ணுக்குத் தெரியாத இவை கடிப்பதில்லை. ஆனால் இவற்றின் எச்சம் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பையும் கிளப்பிவிடும். அடுப்புப் புகையும் சேர்ந்தால் சிறுபிள்ளைகளின் நெஞ்சுக்குத் தாங்காது.

அலுமாரி எந்தச் சுவரில்?

பழைய லயன் காம்பராக்கள் பல, 10 அடிக்கு 12 அடி அளவில், முதுகோடு முதுகாகக் கட்டப்பட்டவை. பின்சுவரில் ஜன்னல் இருக்காது. சுண்ணாம்பு பொரிந்து, தட்டினால் உதிரும் சுவர் ஈரம் ஏறிய சுவர். அலுமாரியை அதில் சாய்க்காதீர்கள். வேறு சுவரிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். காற்று பின்னாலும் அடியிலும் ஓட வேண்டும்.

கீழ்த்தட்டில்தான் ஈரம் முதலில் ஏறும். அங்கே பாத்திரம் பண்டம் இருக்கட்டும். நடுத்தட்டில் அன்றாடப் பெட்சீட், தலையணை உறை, துவாய். மேல்தட்டில் கம்பளியும், திருவிழாவுக்கு வரும் உறவினருக்கான போர்வைகளும் வைக்கலாம். தட்டுகளைத் திணித்து நிரப்பாமல், மழை இல்லாத பகலில் கதவைத் திறந்து விடுங்கள். கட்டிலடி ட்ரங்குப்பெட்டிக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

மடிக்கும் முன்

குளிரில் காய்ந்த துணியும் தொட்டால் சில்லென்றிருக்கும். ஆகவே துணியின் நடுவை விட்டுவிட்டு, தையல் ஓரத்தையும் தலையணையின் மூலையையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். ஈரம் கடைசியாகப் போவது அங்கேதான். சந்தேகம் என்றால் மறுபடியும் கொடிக்கே போகட்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

துணி காயவும் குளிர் போக்கவும் கரிநெருப்புச் சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை, திம்புலப் பகுதித் தேயிலைக்கு மணம் கூடும் வறண்ட பருவம், அலுமாரிக்கும் நல்ல காலம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் விரியுங்கள். தட்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியே வைத்தே உதறுங்கள்.

சிரங்கு வந்த வீட்டில்

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இரவில் கூடும் அரிப்பு சிரங்கின் அடையாளம். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அன்றே போர்வை, உடுப்பு, துவாயைக் கொதிக்கும் சுடுநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். சுடுநீர் தாங்காத கம்பளியைப் பொலித்தீன் பையில் ஒரு வாரம் இறுகக் கட்டி வையுங்கள். தோலை விட்டுப் பிரிந்த சிரங்குப் பூச்சி பொதுவாக 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது. ஆளுக்கொரு கம்பளி முடியாவிட்டாலும் ஆளுக்கொரு துவாயாவது இருக்கட்டும்.

குழந்தைத் துணியில் பூச்சி உருண்டை வேண்டாம்

கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சி உருண்டைகள் பலவற்றில் இருப்பது நெப்தலீன். ஜீ6பீடீ என்னும் நொதியம் குறைவாகப் பிறந்த குழந்தையை நெப்தலீன் ஏறிய துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். அந்தக் குறைபாடு வெளியில் தெரியாது. எனவே குழந்தைத் துணியைத் தனியாக, உருண்டை இல்லாமல் வையுங்கள். மூத்த பிள்ளையின் பழைய துணியானால் துவைத்து வெயிலில் காயவைத்தே போடுங்கள். இனிப்பென்று நினைத்து உருண்டையை விழுங்கும் பிள்ளைகளும் உண்டு. விழுங்கிவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

மறைத்துக் காயவைக்கும் துணி

மாதவிடாய்த் துணியைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈரத்தோடு அணிந்தால் தோல் புண்ணாகும், அரிப்பும் தொற்றும் வரும். சவர்க்காரமிட்டு அலசி, வெயிலில் காயவைத்து, சுத்தமான தனித் துணிப்பையில் வையுங்கள். வளரும் பெண்பிள்ளைக்குத் தாய் இதை வெட்கமின்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எப்போது மருந்தகத்துக்கு?

மூச்சு இழுத்தாலோ, பால்குடிக் குழந்தை வேகமாக மூச்சு விட்டாலோ காத்திருக்காதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஈரத்தின் மேல் பழி போட்டு இருந்துவிடாமல், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய், மாலை நனைந்து திரும்பும் ஒரு பெண்ணால் ஒழுகும் தகரத்தை அலுமாரி அடுக்கிச் சரிசெய்ய முடியாது. கூரையும் கானும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. லயத்தார் ஒன்றுகூடி எழுத்தில் முறையிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தெரிவியுங்கள். உலர்ந்த படுக்கை சுகாதாரத்தின் அடிப்படைத் தேவை. அதை உரிமையோடு கேட்கலாம்.