நவம்பரில் மீனும் வரும்... புயலும் வரும்! சுப்பீரியர் ஏரி மீனவர்களின் சில வாரப் போராட்டம்

நவம்பர் மாத விடியற்காலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது பேஃபீல்டு என்கிற சின்னஞ்சிறு துறைமுக ஊர். மீனவர்கள் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானிலை அறிக்கையைத்தான். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது? அலை எத்தனை அடி எழும்பும்? இரண்டையும் பார்த்த பிறகுதான் அன்று படகை எடுப்பதா, வேண்டாமா என்று முடிவாகும்.

அவர்கள் இறங்கப்போவது கடலில் அல்ல, ஏரியில். ஆனால், அது சாதாரண ஏரி இல்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே சுமார் 82,000 சதுர கி.மீ. பரப்பில் விரிந்து கிடக்கும் சுப்பீரியர்! பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. நீளம் 560 கி.மீ.; ஆழமான இடத்தில் 400 மீட்டருக்கும் மேல். அங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதை 'கிச்சிகாமி' என்கிறார்கள். பெருங்கடல் என்று அர்த்தம்.

கரைக்கு வரும் சினை மீன்கள்

நவம்பரில் இங்கே வலை தேடுவது சிஸ்கோ என்ற வெள்ளி நிற மீனை. 'ஏரி ஹெர்ரிங்' என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுக்க நடு ஏரியில் திரியும் இந்த மீன், நவம்பரில் முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாகக் கரையோரப் பகுதிகளுக்கு வருகிறது. அந்தச் சில வாரங்கள்தான் மீனவர்களுக்கு அறுவடைக் காலம்.

மீனைவிட அதன் சினைக்குத்தான் மவுசு அதிகம். ஆரஞ்சு நிறச் சினையைப் பிரித்தெடுத்து, ஸ்வீடன் போன்ற ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

மீன் ஏன் நவம்பரில் வருகிறது? கோடையில் ஏரியின் மேல்மட்ட நீர் வெதுவெதுப்பாகவும், அடிநீர் சில்லென்றும் இருக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிரக் குளிர, கனமாகிக் கீழே இறங்குகிறது. தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில்தான். காற்றும் சேர்ந்து கலக்க, ஏரி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சி பரவுகிறது. கரையோர நீர் 5 டிகிரியை நெருங்கும்போது, சிஸ்கோவுக்கு முட்டையிடும் நேரம் வந்துவிட்டது.

அதே ஏரி, அதே மாதம்

இவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது. கோடையின் வெப்பத்தை ஏரி மெதுவாகத்தான் விடும். நவம்பரில் கனடா பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று வரும்போது, காற்றைவிட ஏரி நீர் சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டில் காற்று மேலெழுந்து புரள, உயரத்தில் வீசும் பலத்த காற்று நீர்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் சேர்ந்துகொண்டால் புயல்தான். அலை தெறித்த தண்ணீர் படகின் மேலேயே உறைந்து, பாரம் ஏற்றும்.

1975 நவம்பர் 10-ம் தேதி, எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 222 மீட்டர் நீள இரும்புத்தாதுக் கப்பலே இந்த ஏரிப் புயலில் மூழ்கியது. 29 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

கப்பலுக்கே அந்தக் கதி என்றால், படகு எம்மாத்திரம்? அதனால்தான் இங்கே வீடுபோல மேலே முழுக்க மூடிய இரும்புப் படகுகளைப் பயன்படுத்துகிறார்கள். தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, குளிர்நீர்ப் பாதுகாப்பில் '1-10-1' என்று ஒரு கணக்கு உண்டு. மூச்சைச் சீராக்கிக்கொள்ள 1 நிமிடம். கை, கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால், அந்த ஒரு மணி நேரமும் நிச்சயமில்லை.

கஷ்டம் என்னவென்றால், முந்தைய நாள் போட்ட வலை தண்ணீரில் கிடக்கும். போய் எடுக்காவிட்டால் சிக்கிய மீன் கெட்டுப்போகும், வலையும் சிக்கலாகிவிடும். போனால், உயிரைப் பணயம் வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினால், சில வாரமே உள்ள சீசனில் ஒரு நாள் குறைகிறது.

அளவோடு பிடித்தால்தான்...

இன்னொரு கவலையும் உண்டு. சினைக்காகப் பிடிப்பது, முட்டையிடப்போகும் தாய் மீன்களை. சிஸ்கோ ஆண்டுதோறும் முட்டையிட்டாலும், குஞ்சுகள் ஏராளமாகப் பிழைப்பது எப்போதோ சில ஆண்டுகளில்தான். அந்த ஒரு தலைமுறை மீனை நம்பியே பல ஆண்டுகளை ஓட்ட வேண்டியிருக்கும். அதனால்தான், இத்தனைதான் பிடிக்கலாம் என்று வரம்பு வைக்கிறார்கள்.

ஒஜிப்வே மக்களுக்கோ இது பிழைப்பு மட்டுமல்ல, உரிமையும்கூட. 1854-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று, 1972-ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஒவ்வொரு நவம்பர் 10 அன்றும், மினசோட்டா கரையில் உள்ள ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தில், மூழ்கிய அந்தக் கப்பலின் நினைவாக விளக்கேற்றுகிறார்கள். சிஸ்கோ சீசன் சூடுபிடிக்கும் நேரமும் அதுதான். மறுநாள் விடியலில் மீனவர்கள் மறுபடியும் வானிலை அறிக்கையைப் பார்ப்பார்கள். காற்று பலமாக இருந்தால், வலையில் மீன் இருக்கிறது என்று தெரிந்தும் படகைக் கட்டிவைப்பார்கள்.